காட்டுப்பாதைக்குப் பழைய மோட்டார் சைக்கிள்: வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டிரெயில் வண்டியோடு மண்பாதை ஓரமாக நின்றால் இரண்டு வகை ஆட்கள் வந்து பேசுவார்கள். ஒருவர் தன் இளமைக்காலத்து வண்டிக் கதையைச் சொல்வார். இன்னொருவர், "நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பிப்பார். இது அந்த இரண்டாமவருக்காக எழுதியது. ஒரே சந்தேகங்களுக்குப் பல வருடமாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"விண்டேஜ்னா எந்த வருஷம் வரைக்கும் கணக்கு?"

ஒரே கணக்கு கிடையாது. பழைய வண்டிப் போட்டிகளில் 1965க்கு முந்தியவை ஒரு பிரிவு. பின்னால் இரண்டு ஷாக் உள்ளவை 'ட்வின்ஷாக்' என்று இன்னொரு பிரிவு. காற்றால் குளிரும் என்ஜின், டிரம் பிரேக், லிங்கேஜ் (ஷாக்கோடு இணையும் நெம்புகோல்கள்) இல்லாத சஸ்பென்ஷன் உள்ளவற்றை 'எவோ' என்பார்கள். போட்டிக்குப் போகிறவருக்குத்தான் இந்தப் பிரிவுகள் முக்கியம்.

நான் இங்கே பேசுவது பெரும்பாலும் 1968 முதல் 1980களின் தொடக்கம் வரை வந்த வண்டிகளைப் பற்றி. 1968இல்தான் யமஹா டிடி-1 வந்தது. அதற்கு முன் மண்ணில் ஓட்ட ஆசைப்பட்டவர்களில் பலர் சாலை வண்டியின் சைலன்சரை மேலே தூக்கிக் கட்டி, பட்டன் டயர் போட்டுச் சமாளித்தார்கள். டிடி-1 விளக்கும் நம்பர் பிளேட்டும் உள்ள வண்டி. ஆனால் எடை, சஸ்பென்ஷன், கியர் எல்லாம் மண்ணை நினைத்துச் செய்தவை. அது விற்ற வேகத்தைப் பார்த்து மற்ற ஜப்பான் நிறுவனங்களும் பின்னாலேயே ஓடிவந்தன. இன்று நாம் தேடும் வண்டிகளில் பாதி அந்த ஓட்டத்தில் பிறந்தவை.

"புதுசே வாங்கிடலாமே, எதுக்குப் பழசோட மல்லுக்கட்டணும்?"

வேகம், பிரேக், சஸ்பென்ஷன், நம்பகத்தன்மை என்று எதை எடுத்தாலும் புது வண்டிதான் மேல். இதில் வாதமே இல்லை. பழையதில் கிடைப்பது வேறு. அதே பாதை, மணிக்கு 30 கிலோமீட்டரில் போனாலே கைநிறைய வேலை கொடுக்கும். என்ஜினைச் சாதாரண ஸ்பேனர்களை வைத்துப் பிரிக்கலாம், கார்புரேட்டரை மரத்தடியில் உட்கார்ந்தே கழற்றிச் சுத்தம் செய்யலாம். ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு மணி நேரம் ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது மணி நேரம் உங்களுக்குத் தண்டனையாகத் தெரிந்தால் புதியதே வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன்.

"டிரெயில், மோட்டோகிராஸ், என்டியூரோ, டிரயல்ஸ்... எல்லாம் ஒண்ணுதானே? பார்க்க ஒரே மாதிரி இருக்கு."

தவறான வண்டி வாங்குவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான். மோட்டோகிராஸ் வண்டி மூடிய சுற்றில் பந்தயம் ஓட்டுவதற்கு. விளக்கு இருக்காது, கீழ் ஆர்.பி.எம்.மில் சத்து இருக்காது, மேலே போனதும் திடீரென்று உதைத்துக்கொண்டு கிளம்பும். 1973இல் வந்த ஹோண்டா சிஆர் 250எம் எல்சினோர் அந்த வகை. பந்தயத்தில் அருமையான வண்டி. குறுகலான பாறைப்பாதையில் அதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், ப்ளக் கரியடைத்து நிற்கும், கிளட்ச் பிடித்த விரல்கள் மரத்துப்போகும். அதே எல்சினோர் பெயரில் 1974இல் வந்த எம்டி 250தான் விளக்கு வைத்த டிரெயில் தம்பி.

டிரயல்ஸ் வண்டி நேர் எதிர். நடக்கிற வேகத்தில் பாறை மேல் ஏறுவதற்கானது. சீட் பெயருக்குத்தான் இருக்கும், பெட்ரோல் டேங்க் கையளவு. என்டியூரோ வண்டி என்பது நீண்ட தூரப் போட்டிக்கானது. மோட்டோகிராஸ் வண்டியைக் கொஞ்சம் சாந்தப்படுத்தி, விளக்கு வைத்த மாதிரி. டிரெயில் வண்டி இவற்றில் எதிலும் முதலிடம் வாங்காது. ஆனால் உட்கார்ந்து அரை நாள் ஓட்டலாம், சாலையைத் தாண்டி மறுபக்கப் பாதைக்கும் போகலாம். முதல் வண்டிக்கு இதை விட்டு வேறு எதையும் நான் சிபாரிசு செய்வதில்லை.

"எத்தனை சிசி எடுக்கலாம்? 125 போதுமா, 500 வேணுமா?"

125 முதல் 250 வரை. ஒல்லியான ஆள், குறுகலான பாதை என்றால் 125, 175 தாராளம். கொஞ்சம் கனமான உடம்பு, நீண்ட ஏற்றங்கள் என்றால் 250. அதற்கு மேல் போவதற்குக் காரணம் திறந்த வெளியும் நீண்ட தூரமும்தான். காட்டுக்குள் இரண்டாம் கியரிலேயே பாதி நாள் போய்விடும். அங்கே 500 சிசியின் வலுவில் பாதி சும்மா கிடக்கும், எடை மட்டும் முழுசாகக் கூடவே வரும்.

"எடையைப் பத்தியே பேசறீங்க. 20 கிலோ கூடக் குறைய இருந்தா என்ன ஆயிடும்?"

ஓடும்போது ஒன்றும் ஆகாது, விழுந்த பிறகுதான் தெரியும். நான் முதலில் வாங்கியது ஒரு பெரிய 500 சிசி சிங்கிள் (ஒரே சிலிண்டர் வண்டி). படத்தில் பார்த்து மயங்கி வாங்கினேன். முதல் நாளே ஈரமான ஏற்றம் ஒன்றில் மூன்று முறை சாய்ந்தது. முதல் முறை சிரித்துக்கொண்டே தூக்கினேன். மூன்றாவது முறை தூக்கிவிட்டு அதன் மேலேயே சாய்ந்து கால் மணி நேரம் நின்றேன். அதற்குப் பிறகு ஏற முயற்சிக்கவில்லை, வந்த வழியே திரும்பிவிட்டேன்.

டிடி-1 சுமார் 110 கிலோ. 125, 175 டூ-ஸ்ட்ரோக்குகள் பெரும்பாலும் 100 கிலோவை ஒட்டியே நிற்கும். யமஹா எக்ஸ்டி 500, பெட்ரோல் ஊற்றாமலே 140 கிலோவை நெருங்கிவிடும். பழைய பிரிட்டிஷ் ட்வின்கள் (இரண்டு சிலிண்டர் வண்டிகள்) 160ஐத் தாண்டும். வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உரிமையாளர் அனுமதியோடு, மெத்தென்ற தரையில் வண்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து (பெட்ரோல் குழாயை மூடிவிட்டு) தனியாளாகத் தூக்குங்கள். அடுத்தடுத்து மூன்று முறை. மூன்றாவது முறையும் முகம் சுளிக்காமல் தூக்க முடிந்தால் அது உங்கள் வண்டி.

"டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா?"

டூ-ஸ்ட்ரோக் எடை குறைவு, உள்ளே ஓடும் பாகங்கள் குறைவு, மேல் என்ஜினை ஒரு மதியத்தில் பிரித்துப் பூட்டலாம். ஃபோர்-ஸ்ட்ரோக் கீழ் ஆர்.பி.எம்.மில் நிதானமாக இழுக்கும், இறக்கத்தில் என்ஜின் பிரேக்கிங் நன்றாகக் கிடைக்கும், பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். வால்வு, கேம், செயின் என்று பிரித்தால் வேலையும் செலவும் கூடும். வழுக்கும் இறக்கம் அதிகமுள்ள பாதை என்றால் நான் ஃபோர்-ஸ்ட்ரோக் பக்கம் சாய்வேன். ஏறி இறங்கி, தூக்கித் திருப்பி ஓட்டுகிற நெருக்கடியான பாதை என்றால் டூ-ஸ்ட்ரோக்.

டூ-ஸ்ட்ரோக்கில் ஒரு கூடுதல் கவனம்: கிராங்கின் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) இரு முனைகளிலும் உள்ள ரப்பர் ஆயில் சீல்கள். வண்டி வருடக்கணக்கில் சும்மா நின்றால் இவை காய்ந்து இறுகிவிடும். மேக்னெட் பக்க சீல் போனால் அந்த வழியாகக் காற்று உள்ளே புகும், பெட்ரோல் கலவை மெலியும், சூடேறும், கடைசியில் பிஸ்டன் சீஸ், அதாவது சிலிண்டரோடு ஒட்டி நின்றுவிடும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்.பி.எம். உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டிருப்பது இதன் அறிகுறி. கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சும். நின்றுபோகாத வெள்ளைப் புகையும் குறைந்துகொண்டே வரும் கியர் ஆயிலும் காட்டிக்கொடுக்கும். எனக்கு ஒருவர் "ரீபோர் பண்ணி (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) புது பிஸ்டன் போட்டாச்சு" என்று விற்ற வண்டியில் சீலை யாரும் தொட்டிருக்கவில்லை. மூன்றாவது பயணத்தில் அந்தப் புது பிஸ்டன் ஒட்டிக்கொண்டது.

"சரி, பேர் சொல்லுங்க. எந்த மாடலைத் தேடறது?"

என் வரிசையில் முதலில் வருவது யமஹாவின் டிடி 125, 175, 250. டிடி-1இன் வாரிசுகள். பெட்ரோலில் ஆயில் கலக்கத் தேவையில்லாத ஆட்டோலூப் பம்ப், பல நாடுகளில் விற்றதால் ஓரளவு எளிதாகக் கிடைக்கும் உதிரிபாகம், அதிகக் கோபம் இல்லாத என்ஜின். 1977 முதல் டிடி வரிசையில் மோனோஷாக் (பின்னால் ஒரே ஷாக்) வந்தது. ஓட்டச் சுகம், பின்சக்கரம் தரையில் ஒட்டிக்கொண்டு போகும். ட்வின்ஷாக் போட்டி ஆசை இருந்தால் மட்டும் அதற்கு முந்தியதைத் தேடுங்கள். இதே குணத்தில் சுசுகி டிஎஸ் 125, டிஎஸ் 185. பெயருக்கு மவுசு குறைவு என்பதால் நல்ல நிலையில் உள்ளவை இன்னும் கண்ணில் படும். கவாசாகியின் எஃப்7, கேஇ 175 இரண்டும் ரோட்டரி வால்வு (சுழலும் தட்டு வழியாகக் கலவையை உள்ளே விடும்) என்ஜின்கள். கீழ் இழுவை பிரமாதம். கார்புரேட்டர் என்ஜின் பக்கவாட்டு மூடிக்குள் ஒளிந்திருக்கும், அதைத் தொடுவதற்குள் பொறுமை சோதிக்கப்படும்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஹோண்டா எக்ஸ்எல் வரிசை. 1972இல் வந்த எக்ஸ்எல் 250 நான்கு வால்வு சிங்கிள். அந்தக் கால எக்ஸ்எல் 250, 350 இரண்டிலும் கேம்ஷாஃப்ட் தனி பேரிங் இல்லாமல் அலுமினிய ஹெட்டிலேயே நேராகச் சுழலும். ஆயில் மாற்றாமல் ஓட்டியவர் கையில் இருந்திருந்தால் ஹெட்டே தேய்ந்திருக்கும், கேமை மட்டும் மாற்றிப் பயனில்லை. எக்ஸ்எல் 125, 185 இவற்றை ஒருவரும் கனவு காண்பதில்லை, ஆனால் ஓட்டுகிறவர்கள் விற்பதும் இல்லை.

மெதுவாக, மிக மெதுவாகப் போவதே போதும் என்பவருக்கு ஹோண்டா சிடி 90. கிளட்ச் லீவர் கிடையாது. மலையேற்றத்துக்கென்று கியர் விகிதத்தைக் குறைக்கும் துணைக் கியர்பாக்ஸ் உள்ள மாடலைப் பாருங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அது ஏறாத இடம் குறைவு.

"எக்ஸ்எல் 250எஸ் நல்ல விலைக்கு வருது. ஏதாவது சிக்கல் இருக்கா?"

முன்சக்கரம். 1978இல் வந்த 250எஸ், அடுத்த வருடம் வந்த 500எஸ் இரண்டிலும் முன்பக்கம் 23 இஞ்ச். பெரிய சக்கரம் குழிகளை எளிதாகத் தாண்டும் என்ற யோசனை தவறில்லை, ஆனால் உலகம் 21 இஞ்சிலேயே நின்றுவிட்டது. இன்று 23 இஞ்சில் நல்ல மண் டயர் தேடுவது பெரும்பாடு. பலரும் 21 இஞ்ச் ரிம் வாங்கி, பழைய ஹப்பில் புது ஸ்போக் கட்டி மாற்றிவிடுகிறார்கள். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். எந்த வண்டியானாலும் முன் 21, பின் 18 இஞ்ச் என்று இருந்தால் டயர் கவலை விட்டது.

"ஸ்பெயின் வண்டிங்க அழகா இருக்கே. புல்டாகோ, மான்டேசா, ஓசா... அது வாங்கலாமா?"

அழகுதான், அதில் எனக்கும் பலவீனம் உண்டு. புல்டாகோ ஷெர்பா டி, டிரயல்ஸ் உலகத்தையே திருப்பிப் போட்ட வண்டி. 1964இல் டிரயல்ஸ் வீரர் சாமி மில்லர் அதன் உருவாக்கத்தில் சேர்ந்தார், 1965இல் அதை ஓட்டியே ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரயலை வென்றார். அதுவரை கனமான நான்கு ஸ்ட்ரோக் பிரிட்டிஷ் வண்டிகளின் கோட்டையாக இருந்த போட்டி அது. மான்டேசா கோட்டா, ஓசா மிக் ஆண்ட்ரூஸ் ரெப்ளிகா எல்லாம் அந்தப் பாதையில் வந்தவை. ஆனால் மேலே சொன்னபடி இவை டிரயல்ஸ் வண்டிகள். டிரெயிலுக்கு என்றால் உட்கார சீட் உள்ள புல்டாகோ அல்பினா பொருத்தம்.

இரண்டு எச்சரிக்கை. பல ஸ்பானிஷ் வண்டிகளில் பெட்ரோல் டேங்க் ஃபைபர்கிளாஸ். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தப் பழைய ரெசினைக் கரைத்துவிடும், கரைந்த பசை கார்புரேட்டரை அடைக்கும். டேங்கை உள்ளே பூச்சு போட வேண்டும் அல்லது அலுமினிய டேங்க் தேட வேண்டும். இன்னொன்று கியர் லீவர், அதை அடுத்ததில் சொல்கிறேன்.

"வலது காலில் கியரா? பழகிடுமா?"

பழகிவிடும், ஒரு நிபந்தனையோடு. பழைய பிரிட்டிஷ், ஸ்பானிஷ் வண்டிகள் பலவற்றில் கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். 1970களின் நடுவில் அமெரிக்கா இடப்பக்கக் கியரைக் கட்டாயமாக்கியதும் மற்றவர்களும் மாறினார்கள். அந்த ஒரு வண்டியை மட்டும் ஓட்டினால் இரண்டு வாரத்தில் கால் கற்றுக்கொள்ளும். தினமும் இடப்பக்கக் கியர் வண்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இது என்றால், பதற்றமான கணத்தில் கால் பழைய இடத்துக்கே போகும். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து முள்புதருக்குள் போனவர்களில் நானும் ஒருவன்.

"புல்லட், டிரயம்ஃப் மாதிரி பழைய பிரிட்டிஷ் வண்டியில மண்ணுல போக முடியாதா?"

போனார்கள். டிரயல்ஸ் வீரர் ஜானி பிரிட்டன் ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் 1952இலும் 1957இலும் அதே ஸ்காட்டிஷ் போட்டியை வென்றவர். ஆனால் அவர் ஓட்டியது எடையைக் குறைத்த போட்டி வண்டி, ஓட்டியவர் ஜானி பிரிட்டன். அகலமான மண்சாலை, மெதுவான பயணம் என்றால் பெரிய பிரிட்டிஷ் சிங்கிளின் இழுவை சுகம் தனி. நெருக்கமான பாதைக்கு எடைக் கேள்வியில் சொன்ன தூக்கும் சோதனையைச் செய்துவிட்டு முடிவெடுங்கள். பிரிட்டிஷ் வண்டிதான் வேண்டும் என்று மனம் கேட்டால் டிரயம்ஃப் டைகர் கப், பிஎஸ்ஏ பேண்டம் போன்ற சிறியவற்றைப் பாருங்கள்.

"எக்ஸ்டி 500 கிக் அடிச்சா காலை உடைச்சிடும்னு சொல்றாங்களே?"

முறை தெரியாமல் அடித்தால் திருப்பி உதைக்கும், உண்மைதான். முறை இது: கார்புரேட்டரில் பெட்ரோல் வந்ததை உறுதி செய்துகொண்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். இறுகும் இடத்தில் இடக்கைப் பக்கமுள்ள டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிப்பது) பிடித்தபடி இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள். சிலிண்டர் ஹெட்டில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும்; அதில் வெள்ளி நிறக் குறி தெரிந்ததும் லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், முழு உடல் எடையோடு அடிவரை ஒரே மிதி. பாதி மிதியில் காலை எடுப்பவர்கள்தான் அடிவாங்குவார்கள்.

1979 ஜனவரியில் முடிந்த முதல் பாரிஸ்-டக்கர் பந்தயத்தில் சிரில் நெவோ வென்றது இந்த வண்டியில்தான். பாலைவனத்துக்கு ஏற்ற வண்டி என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அதே காரணத்தால் உங்கள் காட்டு ஒற்றையடிப் பாதைக்கு அது முதல் தேர்வு ஆகாது.

"வண்டி பார்க்கப் போறேன். எதையெல்லாம் பார்க்கணும்?"

போவதற்கு முன் "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை என்ஜினில் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் உங்களுக்காக ஒத்திகை நடந்திருக்கிறது. குளிர்ந்த என்ஜின் மூன்று, நான்கு கிக்கில் கிளம்ப வேண்டும். கிளம்பியதும் கிராங்க் பக்கம் காது கொடுங்கள். அடியிலிருந்து வரும் மந்தமான தட்டல் பெரிய செலவு. மேலே வரும் டிக்டிக் பெரும்பாலும் வால்வு இடைவெளி, சின்ன வேலை. டூ-ஸ்ட்ரோக் என்றால் சூடானதும் ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டு, முன்னே சொன்ன தொங்கல் இருக்கிறதா பாருங்கள்.

அடுத்து சேசிஸ். ஹேண்டில் கழுத்து, ஃபுட்ரெஸ்ட் வெல்டிங், ஸ்விங் ஆர்ம் பிவட் மூன்று இடத்திலும் துணியால் அழுக்கைத் துடைத்து விரிசல் தேடுங்கள். பெயின்ட்டில் மயிரிழைபோல் துருக்கோடு தெரிந்தால் கீழே விரிசல். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் புஷ் போயிருக்கிறது, மாற்றலாம். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இருபுறமும் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கழுத்து பேரிங் குழிந்திருக்கிறது. ஃபோர்க் குழாயில் துருப்புள்ளி இருந்தால் புது சீல் போட்டாலும் கசியும். ஸ்போக்குகளை ஸ்பேனரால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். மணி மாதிரி ஒலிக்க வேண்டும், தகர டப்பா சத்தம் வந்தால் தளர்ந்த ஸ்போக்.

கடைசியாக டேங்க். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓடிய வண்டி மண்ணைத் தின்று ஓடிய வண்டி, அதன் சிலிண்டர் பற்றி வேறு எதுவும் விசாரிக்கத் தேவையில்லை.

"ரொம்ப நாளா ஓடாம நிக்குது, 'கார்புரேட்டர் கிளீன் பண்ணா ஓடும்'ங்கறார். நம்பலாமா?"

அவ்வளவு எளிதென்றால் அவரே செய்து அதிக விலைக்கு விற்றிருப்பார். என்ஜின் சுழலுகிறதா என்று மட்டும் பாருங்கள். கிக்கர் இறங்கி, அழுத்தம் தெரிந்தால் நம்பிக்கை உண்டு. இறங்கவே இல்லை என்றால் பிஸ்டன் ஒட்டியிருக்கலாம், கிராங்க் பேரிங் துருப்பிடித்திருக்கலாம். முழு என்ஜின் வேலை, டேங்க் சுத்தம், டயர், டியூப், செயின், எல்லா ரப்பரும் மாற்றுவது என்று கணக்கிட்டு, நன்றாக ஓடும் அதே வண்டியின் விலையிலிருந்து கழியுங்கள்; மிஞ்சுகிற தொகைதான் இந்த வண்டியின் விலை. பல நேரம் மிஞ்சுவது பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

"உதிரிபாகம் கிடைக்குமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கறது?"

ஒரு காகிதத்தில் ஆறு பெயர் எழுதுங்கள்: பிஸ்டன், கிராங்க் சீல் (அல்லது ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கேம் செயின்), கேஸ்கெட் செட், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, பாயின்ட் அல்லது சிடிஐ (ப்ளக்குக்குத் தீப்பொறி நேரத்தைக் கொடுக்கும் பாகம்). வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே ஒவ்வொன்றையும் இன்று வாங்க முடிகிறதா என்று தேடுங்கள். ஆறும் கிடைத்தால் போங்கள். நான்குதான் கிடைத்தது, கிடைக்காத இரண்டில் ஒன்று பிஸ்டன் என்றால் போகாதீர்கள்.

பிஸ்டனில் இன்னொரு நுணுக்கம். ஒவ்வொரு ரீபோருக்கும் பெரும்பாலும் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவார்கள். அதற்கு ஒரு எல்லை உண்டு. சிலிண்டர் ஏற்கனவே கடைசி அளவில் இருந்தால் அடுத்த தடவை புது லைனர் (சிலிண்டரின் உள்குழாய்)தான். "இப்போ என்ன சைஸ் பிஸ்டன் ஓடுது?" என்று விற்பவரைக் கேளுங்கள். தெரிந்து பதில் சொல்பவர் வண்டியைப் பார்த்துக்கொண்டவர்.

"என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஜோடி சேரலையாம். விட்டுடலாமா?"

சேகரிப்பாளருக்குத்தான் அது குறை. மண்ணில் ஓட்டுகிறவருக்கு அதைக் காட்டி விலை குறைக்கலாம். ஆனால் இரண்டு நம்பரும் ஆவணத்தில் உள்ளபடியே வண்டியில் இருக்க வேண்டும். சேசிஸ் நம்பர் ராவியிருந்தாலோ புதிதாகக் குத்தியது போலத் தெரிந்தாலோ விலை என்னவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

"6 வோல்ட், பாயின்ட் இக்னிஷன், டிரம் பிரேக்... இதையெல்லாம் மாத்திட்டா நல்லதா?"

பாயின்ட்டை எலக்ட்ரானிக் இக்னிஷனாக மாற்றுவது நியாயமான செலவு. பாயின்ட்டே வைத்திருக்க விரும்பினால் இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வைத்து, கண்டென்சர் ஒன்றைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட் விளக்கு இருட்டில் மெழுகுவர்த்திதான், பகலில் ஓட்டுகிறவருக்கு அதனால் நஷ்டமில்லை. பின் ஷாக்குக்கு நல்ல மாற்று வாங்குவதும் ஃபோர்க் ஆயிலை மாற்றுவதும் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தரும்.

டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றப் புறப்படாதீர்கள். புது ஷூ, மசகு போட்ட கேபிள், சரியான லீவர் கோணம் இவை போதும். ஓடை தாண்டினால் டிரம்முக்குள் தண்ணீர் போகும், பிரேக் இல்லாதது மாதிரி இருக்கும். கரையேறியதும் லேசாகப் பிரேக் பிடித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டினால் உலர்ந்துவிடும். எல்லாவற்றையும்விட மலிவான மாற்றம் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது. 14க்குப் பதில் 13 போட்டால் கியர் சுமார் 7 சதவீதம் இறங்கும். வண்டி மாறிவிட்டதோ என்று தோன்றும்.

"ஆயில் எவ்வளவு கலக்கறது? பழைய புத்தகத்துல 20:1னு போட்டிருக்கு."

20:1 என்றால் டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் 20 பங்குக்கு ஆயில் ஒரு பங்கு. அது அந்தக் கால ஆயிலுக்கு எழுதியது. லிட்டருக்கு 50 மில்லி. இன்றைய நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கு டிரெயில் வண்டிகளில் பலரும் 32:1, அதாவது லிட்டருக்கு 31 மில்லி கலக்கிறார்கள், நானும்தான். கலவையை மாற்றினால் ப்ளக்கின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோலூப் மாதிரி பம்ப் உள்ள வண்டி என்றால், பம்ப் வேலை செய்கிறது என்று உறுதியாகும்வரை டேங்கிலும் கலந்து ஓட்டுங்கள். புகை கூடும், பிஸ்டன் பிழைக்கும்.

"முழுசா ரீஸ்டோர் பண்ண வண்டி ஒண்ணு, ஒரே ஓனர் கையில அழுக்கா ஓடிட்டிருக்கற வண்டி ஒண்ணு. ரெண்டும் ஒரே விலை. எது?"

அழுக்கு வண்டி, அது நேற்று ஓடியதற்கு அழுக்கே சாட்சி. பளபளப்பான வண்டியில் பெயின்ட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. என்ஜினைத் திறந்த படங்களும் போட்ட பாகங்களின் ரசீதும் காட்டினால் மட்டும் யோசிக்கலாம். அப்படியே நல்ல ரீஸ்டோராக இருந்தாலும் இன்னொரு வம்பு உண்டு. நான் அப்படி ஒன்றை வாங்கி, முதல் பாறை உரசலுக்குப் பயந்து ஆறு மாதம் கொட்டகையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க ஆசைப்பட்ட ஒருவருக்கே விற்றேன். அவருக்கும் சந்தோஷம், எனக்கும்.

"ஒரே மாடல்ல ஓடறது ஒண்ணு, ஓடாதது ஒண்ணு, ரெண்டையும் சேர்த்துத் தர்றேங்கறார். எடுக்கலாமா?"

இடம் இருந்தால் எடுங்கள். உதிரிபாகப் பட்டியலில் கிடைக்காமல் போன இரண்டும் அந்த ஓடாத வண்டியில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரே மாடல் பெயர் என்றாலும் வருடம் மாறினால் பாகம் மாறும். கிராங்க் கேஸ், வயரிங், ஃபோர்க் விட்டம் மூன்றையும் இரண்டு வண்டியிலும் அளந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஓடாததை உடனே பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் பெயர் எழுதிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். அப்படியே நிறுத்தி வைத்தால் இரண்டாவது மாதம் "இதையும் ஓட வைக்கலாமே" என்று தோன்றும். அப்புறம் ஓடாத வண்டி இரண்டாகிவிடும்.